வீங்காத கை

அந்த மூணு நாளும் நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டது ஒன்னே ஒன்னுதான். அய்யாவு கை வீங்கணும். கட்டியா, செவந்து, பாக்குறவன் பயப்படுற மாதிரி வீங்கணும். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில்ல நின்னு இன்னொருத்தன் கை வீங்கணும்னு கற்பூரம் ஏத்துன பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பக்கத்துல நின்ன ஆன்டி, "என்னம்மா இப்படி அழுது வேண்டிக்கிற, புருஷனுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது?

என் பேரு சீதாலெட்சுமி. அப்ப தொண்ணூத்தி மூணாம் வருஷம். கோலாலம்பூர்ல ஒரு நெஞ்சு நோய் கிளினிக்ல நர்ஸ் வேல. நெஞ்சு நோய்னா முக்காவாசி டிபிதான், காசம். அங்க வர்ற நம்மாளுங்க என்னைய மிஸ்ஸின்னு கூப்பிடுவாங்க. டாக்டர் யோகநாதன் அந்த வருஷம் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சிருந்தாரு. காசம் வந்தவங்கள்ல எத்தன பேருக்கு எய்ட்ஸ் கிருமியும் சேந்து இருக்குன்னு பாக்கணும். ஒன்னு உள்ள வந்தா இன்னொன்னுக்கும் கதவத் தொறந்து விடுதுன்னு வெளிநாட்டுல எழுத ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம ஊருல என்ன நெலமைன்னு யாருக்கும் தெரியாது.

எய்ட்ஸ்ங்கிற பேர சொன்னாலே வெயிட்டிங் ரூம் காலியாயிடும். அதனால ஆராய்ச்சி ரத்தத்துல பேரு கெடையாது, நம்பர் மட்டும்தான். அந்த நம்பரையும் லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மாத்திடுவோம். எந்த ரத்தம் யாரோடதுன்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "யாரு மானமும் நம்மளால போகக்கூடாது சீதா"ன்னு டாக்டர் அடிக்கடி சொல்வாரு. நானும் பெருமையா தலையாட்டுவேன். அந்த ரகசியச் சுவர் ஒரு நாள் என் தலையிலயே இடிக்கும்னு கண்டேனா?

வேலை முறை இதுதான். வலது கையில ரத்தம் எடுக்கணும். இடது முன்கையில தோலுக்கு அடியில ஒரு சொட்டு மருந்து ஏத்தி, சுத்தி பேனாவால வட்டம் போடணும். மூணாம் நாள் வந்து காட்டச் சொல்லணும். சாதாரணமா காசம் இருக்குற ஆளுக்கு அந்த எடம் வீங்கும். ஒடம்பு கிருமிய அடையாளம் கண்டு சண்ட போடுதுன்னு அர்த்தம். சளியில காசம் கொட்டிக் கெடந்தும் கை வழவழன்னு இருந்தா, சண்ட போட வேண்டிய சிப்பாயெல்லாம் எங்கயோ செத்துக் கெடக்குறான். ஏன் செத்தான்? அந்தக் கேள்விக்கு முதல்ல வர்ற பதில் எய்ட்ஸ். அதுதான் எங்க ஆராய்ச்சி.

அய்யாவு கிள்ளான்காரரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், லோரி ஓட்டுறாரு. பெலாபுவான்ல, அதான் துறைமுகத்துல, சரக்கு ஏத்தி செந்தூல்ல எறக்குவாரு. கிள்ளான்ல வைத்தியம் பாத்தா தெருவுக்கே தெரிஞ்சிடும்னு எங்ககிட்ட வந்துக்கிட்டிருந்தாரு. வாய் ஓயாது. "மிஸ்ஸி, உங்க ஊசி கொசுக்கடி மாதிரி லா, எங்க கம்பத்து வீட்டுக் கொசு இதவிட மோசம்"னு சொல்லிக்கிட்டே ரெண்டு கையையும் நீட்டுனாரு. இடது கையில மருந்த ஏத்துனேன், வலது கையில ரத்தம் எடுத்தேன். லோரிய நடுரோட்டுல நிறுத்தியிருக்கேன்னு ஓட்டமா ஓடிட்டாரு. நான் ரத்தக் குழாய ஒதுக்கி வச்சிட்டு, ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போட்டேன்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதேன்னு சுவத்துல மூணு மொழியில ஒட்டியிருக்கு. பழகுன கை கேக்குமா? சுருக்குன்னுச்சு. கிளவுஸுக்குள்ள இடது ஆள்காட்டி விரல்ல செவப்பா ஒரு பொட்டு.

குழாயடியில விரல வச்சு பிதுக்குனேன், பிதுக்குனேன், விரலே நீலமாயிருச்சு. அப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா? வாசல்ல நின்ன அடுத்த ஆள கூப்பிட்டு, "வாங்க அங்கிள், உக்காருங்க"ன்னேன். பயம் வந்தா சில பேரு கத்துவாங்க. நான் வேலை செய்யிற ரகம். அத்தன பேரையும் முடிச்சிட்டுத்தான் டாக்டர்கிட்ட போய் நின்னேன். அதுக்குள்ள அன்னைய ரத்தமெல்லாம் நம்பர் மாறிப் பெட்டிக்குள்ள போயிருச்சு.

டாக்டர் யோகநாதன் மூக்குக் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. யாழ்ப்பாணத்துப் பரம்பரை, குரல் ஒசந்து நான் கேட்டதில்ல. அன்னிக்கும் ஒசரல. "ஏன் உடனே வரல்ல?"ன்னாரு. என் ரத்தத்த எடுத்து வச்சாரு. "மூணாம் நாள் அவர் கைய காட்ட வருவார்தானே. விஷயத்தச் சொல்லி, சம்மதம் வாங்கி, அவர் பேர் போட்டே பாப்பம். அதுவரைக்கும் பயப்படாத."

பயப்படாதன்னு சொல்றது சுலபம். அந்த நோய்க்கு அப்ப மருந்துன்னு சொல்லிக்கிற மாதிரி ஒன்னும் கெடையாது. இருந்த ஒரு மாத்திரையையும் குடுத்தவங்களே முழுசா நம்பல. வீட்டுல எனக்கு அஞ்சு மாசத்துப் பொண்ணு. தாய்ப்பால் தவிர வேற எதையும் வாயில வைக்காதவ. பகல்ல பாத்துக்கிற ஆன்டி, நான் பிழிஞ்சு வச்ச பால சங்குல புகட்டுவாங்க.

மூணாம் நாள் அய்யாவு வந்தாரு. எரியுற வெயில்ல முழுக்கைச் சட்ட. வேடிக்கப் பேச்சு ஒன்னும் இல்ல. எதிர உக்காந்து சட்டக் கைய மடிச்சு விட்டு, "பாத்துக்குங்க மிஸ்ஸி"ன்னு நீட்டுனாரு. பேனா வட்டம் இருந்துச்சு. வட்டத்துக்குள்ள ஒன்னுமே இல்ல. தடவிப் பாத்தேன். வெரல மாத்தி மாத்தித் தடவுனேன். வாழத்தண்டு மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

என் காதுக்குள்ள 'ங்'குன்னு ஒரு சத்தம். அவருகிட்ட என்னென்ன பேசணும்னு மூணு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வார்த்த வரணுமே! "வீங்கலல்ல? நல்லதுதான? நான் போலாமா?"ன்னாரு. நெத்தியெல்லாம் வேர்வ. நான் தலைய ஆட்டுனேனா, ஆட்டலையா, ஞாபகம் இல்ல. சுதாரிச்சு வெளிய ஓடுறதுக்குள்ள லோரி சத்தம் கேட்டுச்சு. தெனமும் வந்து வாங்குற காச மாத்திரைக்கு மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல.

அய்யாவு கையத் தடவிப் பாத்த அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனா, பாப்பா என்னையப் பாத்ததும் ரெண்டு காலையும் உதைச்சு சிரிக்கிறா. பாத்துக்கிற ஆன்டி கையிலேருந்து தாவுறா. என் ரவிக்க அதுக்குள்ள நனஞ்சு போச்சு. அய்யோ, அந்த நேரத்த நான் என்னன்னு சொல்ல. பசியில மாருல முட்டுறா. டாக்டர் சொன்ன தெம்புல நேத்து வரைக்கும் குடுத்தவதான், இப்ப எனக்கு அந்தப் பால் பாலாவே தெரியல. பாட்டில்ல மண்டையோடு படம் போட்டு ஒட்டியிருப்பாங்களே, அந்தச் சாமான் எனக்குள்ள ஊறுற மாதிரி இருந்துச்சு. பிள்ளைய ஆன்டிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு கதிர்வேலு ரயில்வேயில கிளர்க். குவாட்டர்ஸ்லதான் இருந்தோம். நல்ல மனுஷன், ஒரு கொசுவ அடிச்சாலும் பாவம்னு சொல்றவரு. அவருகிட்ட, "எனக்கு ஒரு மாத்திர குடுத்திருக்காங்க, பால் குடுக்கக் கூடாதாம்"னு சொன்னேன். "என்ன மாத்திர, எதுக்கு?"ன்னாரு. "பொம்பள சமாச்சாரம், வுடுங்க"ன்னேன். அவரு பாவம், கடைக்கு ஓடி பால் மாவும் புட்டியும் வாங்கிட்டு வந்தாரு. பிள்ள புட்டியத் துப்பித் துப்பி அழுதுச்சு. பக்கத்து வீட்டுல சுவத்தத் தட்டுனாங்க. தூக்குறதும் புட்டி குடுக்குறதும் அவருன்னு விட்டுட்டு, எனக்குன்னு தட்டும் கோப்பையும் ஒதுக்கி வச்சுக்கிட்டு, நான் இந்தப் பக்கம் நின்னு காதப் பொத்திக்கிட்டேன்.

ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்லிப் பாருங்க தெரியும். எய்ட்ஸ்ங்கிற வார்த்தைய ஒரு வீட்டுக்குள்ள கொண்டு போனா அப்புறம் அத வெளிய தூக்கிப் போட முடியாது. கிளினிக்ல எத்தன வீட்டப் பாத்திருக்கேன்.

மாரு கல்லு மாதிரி கனத்து ஜொரம் வந்துச்சு. பிழிஞ்சு சிங்க்ல ஊத்துனேன். வெள்ளையா சுத்திக்கிட்டு ஓட்டைக்குள்ள போறதப் பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு தடவைக்கு மேல அத செய்ய முடியல. நம்ம பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒன்னு இருக்கு. புள்ள தவறிப் போன தாய்க்கு மல்லிகைப்பூவ மாருல வச்சுக் கட்டுவாங்க, பால் வத்திடும். உசுரோட, வீல் வீல்னு கத்திக்கிட்டு ஒரு புள்ள தொட்டில்ல இருக்கும்போது, நான் பூக்காரன்கிட்ட போய் முழம் முழமா மல்லி வாங்குனேன். "என்னக்கா, வீட்டுல விசேஷமா?"ன்னான். ஆமாடா, பெரிய விசேஷம்னு மனசுக்குள்ள திட்டிட்டு வந்தேன்.

கதிர்வேலு வேல விட்டு வந்தவரு வாசல்லயே மூக்க உறிஞ்சுனாரு. மொகமெல்லாம் சிரிப்பு. "என்னடி இது, பூ வாசமெல்லாம் தூக்குது? கொண்டையில காணோமே?"ன்னு கிட்ட வந்தாரு. பிள்ள பொறந்ததுக்கப்புறம் நான் பூ வச்சதே இல்ல. மனுஷன் வேற கணக்குப் போட்டுட்டாரு. நான் வெடுக்குன்னு பின்னால போயிட்டேன். "கிட்ட வராதீங்க"ன்னு கத்தியே இருக்கேன். அவரு மொகம் சுருங்குனத இன்னிக்கும் மறக்க முடியல. அன்னிலேருந்து அவரு ஹால்ல படுத்தாரு. நானும் வாங்கன்னு கூப்பிடல.

அடுத்த வாரம் கிளினிக்ல வேற ஒரு சீனத்து அங்கிளுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தேன். மூணாம் நாள் கைய காட்ட வந்த இன்னொருத்தரு பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவரு வலது முழங்கை மடிப்புல, நான் ரத்தம் எடுத்த எடம், பச்சையாக் கன்னிப் போயிருந்துச்சு. இடது கையில வட்டமும் வீக்கமும். பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்கு மயிர்க்கூச்செறியுது. அய்யாவு அன்னிக்கு நீட்டுன கையில வட்டம் இருந்துச்சு. அந்த வட்டத்துக்கு மேல, அதே கையில, முழங்கை மடிப்புல பச்சையாக் கன்னின எடமும் இருந்துச்சே!

ரத்தம் எடுத்த கை எப்படி ஊசி போட்ட கையாகும்? எதிர உக்காந்த மனுஷன் கை, எனக்கு எது இடது எது வலதுன்னு தெரியாமப் போச்சு. பயத்துல நான் வட்டத்த மட்டும்தான் பாத்திருக்கேன். அந்த வட்டம் நான் போட்டதே இல்ல. படுபாவி, வேற கைய காட்டிட்டுப் போயிருக்காரு.

ஏன்? அதுதான் புரியல. புரியாததுலதான் பயம் இன்னும் சாஸ்தியாச்சு. இடது கையில என்ன இருந்தா ஒருத்தன் அத மறைப்பான்?

டாக்டர்கிட்ட சொன்னேன். "வீடு தேடிப் போறது சரியில்ல சீதா, அவர் ஒளிஞ்சுதான் நம்மகிட்ட வந்தவர்"ன்னாரு. அப்புறம் என் மொகத்தப் பாத்துட்டு, "நீ யாரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது"ன்னாரு. ஞாயித்துக்கிழம கிள்ளான் பஸ் ஏறுனேன். மடியில ஒரு பை நெறைய டப்பர்வேர் டப்பா. யாராச்சும் கேட்டா டப்பர்வேர் விக்க வந்தவன்னு சொல்லிக்கலாம்னு, எங்க வீட்டு அலமாரியத் தொடச்சு எடுத்துட்டுப் போனேன். ஷா ஆலம் தாண்டுற வரைக்கும் வீங்கியிருக்கும், வீங்கியிருக்கும்னு சொல்லிக்கிட்டே போனேன். தாண்டுனதும் இன்னொரு எண்ணம் வந்துச்சு. ரெண்டு கையுமே வழவழன்னு இருந்தா?

தண்டவாளத்துக்குப் பின்னால தகரக் கொட்டாய் வரிச. கொழாயடியில துணி அலசிக்கிட்டிருந்த பொம்பளகிட்ட கேட்டேன். "லோரி அய்யாவு வீடா? அந்தா அந்த பச்சக் கதவு. நீங்க யாரு?" "டப்பர்வேர்." "அய், எங்களுக்கும் காட்டிட்டுப் போங்கக்கா!"

பச்சக் கதவத் தொறந்தது அவரு சம்சாரம் பாக்கியம். வெள்ளந்தியான பொண்ணு. உக்கார வச்சு தே ஓ, பால் இல்லாத தேத்தண்ணி, கலக்கிக் குடுத்துச்சு. என் பழைய டப்பா ஒன்னோட மூடிய தொறந்து மூடி டப்பு டப்புன்னு சத்தம் கேட்டு ரசிச்சுச்சு. "வீட்டுக்காரரு இல்லையா?"ன்னு நான் கேட்டதுதான் தாமசம், பொலபொலன்னு அழ ஆரம்பிச்சிருச்சு.

"மனுஷன் வீட்டுல படுக்குறதே இல்லக்கா. லோரியிலதான் படுக்கை. தனித் தட்டு, தனிக் கோப்ப, தனி சோப்பு. பொண்ணு ஓடிப் போய் கால கட்டுனா ஒதறிட்டு ஓடுறாரு. அவ ஏங்கி ஏங்கி சோறே தின்னமாட்டேங்குறா. யாரோ செய்வின வச்சிட்டாங்கக்கா, வேற என்ன?"

கோப்பைய கீழ வச்சேன். தனித் தட்டு, தனிக் கோப்ப, பிள்ளையத் தொடாம ஓடுறது. என் வீட்டுல நான் செய்யிறதேதான். இந்த மாதிரி ஒருத்தன் நடந்துக்கிட்டா அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? வேற எங்கயோ போய் பாத்துட்டான். தெரிஞ்சிருச்சு அவனுக்கு. பையையும் டப்பாவையும் அங்கயே விட்டுட்டு எந்திரிச்சு வெளிய வந்தேன்.

லோரி திடல் ஓரமா நின்னுச்சு. முன் சீட்டுல படுத்திருந்த அய்யாவு என்னையப் பாத்ததும் பேயப் பாத்த மாதிரி எந்திரிச்சு சாவியத் தேடுனாரு. நான் கதவத் தொறந்து படியில ஏறி நின்னுக்கிட்டேன்.

"மிஸ்ஸி, கையெடுத்துக் கும்புடுறேன். இங்கெல்லாம் வராதீங்க. பாக்கியத்துக்கு ஒன்னும் தெரியாது."

"நான் டப்பர்வேர்காரி. இடது கையக் காட்டுங்க."

"அன்னிக்கே காட்டுனேன்ல?"

"காட்டுனது வலது கை. வட்டத்த யாரு போட்டா? நீங்களா?"

அவரு மறுபடி சாவியத் தேடுனாரு. "அண்ணே, நான் கத்துனேன்னா கொழாயடியில இருக்குறவங்க எல்லாம் வந்துருவாங்க"ன்னேன். அப்படி ஒருத்தர மெரட்டுற ஆளா நான்? அன்னிக்கு மெரட்டுனேன். அவரு மெதுவா, ஒவ்வொரு பட்டனாக் கழட்டி, கைய மடிச்சாரு.

அம்மாடி! முன்கையில அம்பது காசு அகலத்துக்குக் கருஞ்செவப்பா தடிப்பு. நடுவுல கொப்புளம் வெடிச்சுத் தோல் உரிஞ்ச தழும்பு. பத்து நாளைக்கு மேல ஆயும் தொட்டா கட்டியா இருக்கு. அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு, லோரிப் படியில நின்னபடி, நான் ஓ-ன்னு அழுதேன். அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

நான் அழுறதப் பாத்து அய்யாவு ஸ்டியரிங்ல தலைய சாச்சிட்டாரு. "அப்ப அதேதானா மிஸ்ஸி? சொல்லிருங்க. எத்தன நாளு இருப்பேன்?"

"எது அதேதான்?"

"எய்ட்ஸ். கூட ஓட்டுற ஒருத்தன் சொன்னான். இப்ப ஆஸ்பத்திரியில திருட்டுத்தனமா அதப் பாக்குறாங்களாம். கை வீங்கலன்னா தப்பிச்ச, வீங்குனா எய்ட்ஸாம். ரெண்டாம் நாள் காலையில பாக்குறேன், இட்லி மாதிரி வீங்கிருச்சு. பயந்து போய் மறு கையில வட்டம் போட்டுக்கிட்டு வந்தேன். உங்க வாயால அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல மிஸ்ஸி."

ஒரே வீக்கம். அது இருக்குன்னு அவரு பிள்ளையத் தொடல. அது இல்லன்னு நான் பிள்ளையத் தொடல. எனக்குக் கோவம் எங்கேருந்து வந்துச்சோ, அவரு தோள்ல ரெண்டு அடி போட்டேன். "மடையா! வீங்குனாத்தான்யா நல்லது! ஒடம்புல சக்தி இருக்குன்னு அர்த்தம்! வீங்கலன்னாத்தான் நாங்க பயப்படுவோம்!"

அவரு நம்பல. திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சாரு. அப்புறம் ஒரு மூச்சு விட்டாரு பாருங்க, லோரியே ஆடுச்சு. "அப்ப எனக்கு இல்லையா?"

அங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. "கை நல்ல அடையாளம்தான். ஆனா முழுசா நம்ப முடியாது. ரத்தத்த பேரு போட்டுப் பாத்தாத்தான் உறுதி. நாளைக்கு வாங்க."

"வேணாம் மிஸ்ஸி. இது போதும். இந்த சந்தோஷம் போதும் எனக்கு. மாத்திரைக்கு வந்துருறேன், சத்தியமா. ரத்தம் மட்டும் வேணாம்."

நான் ஆள்காட்டி விரல அவரு மொகத்துக்கு நேரா நீட்டுனேன். தழும்புகூட இல்ல, ஆறிப் போச்சு. "அன்னிக்கு உங்களுக்கு ரத்தம் எடுத்த ஊசி இங்க குத்திருச்சு."

அவரு விரலப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "அப்ப நீங்க எனக்காக வரல."

"இல்ல. எனக்காகத்தான் வந்தேன். எனக்கு அஞ்சு மாசப் பொண்ணு இருக்கா. பால் குடுக்குறத நிறுத்திட்டேன்."

அய்யாவு வெளிய பாத்தாரு. தூரத்துல கொழாயடியில பாக்கியம் என் டப்பாவ எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருந்துச்சு. "மிஸ்ஸி"ன்னாரு. "நான் ஹாட்யாய் போயிருக்கேன். கூட்டாளிங்களோட. ரெண்டு தடவ."

ஹாட்யாய் தாய்லாந்து எல்லை ஊரு, ஆம்பளைங்க கூட்டமா அங்க எதுக்குப் போவாங்கன்னு யாருக்குத் தெரியாது? அழுது சிரிச்சதெல்லாம் அந்த நிமிஷத்துல ஆவியாப் போச்சு. "நாளைக்கு வரேன்"னு அவராத்தான் சொன்னாரு. "எனக்குப் பயமா இருக்கு. ஆனா வரேன்."

வந்தாரு. ரத்தத்த டாக்டரே எடுத்தாரு. என்னைய அந்த ஊசிப் பக்கமே விடல. ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வாரம் நான் மாருல பூ வச்சுக் கட்டிக்கிட்டே இருந்தேன். ராசி பாத்தேன், கனவுக்கு அர்த்தம் கேட்டேன், செத்துப் போனா பாப்பாவ யாரு வளப்பாங்கன்னு அக்கா தங்கச்சி ஒவ்வொருத்தியா மனசுல நிறுத்திப் பாத்தேன். படிச்ச நர்ஸ்னு பேரு.

ரிசல்ட் வந்த அன்னிக்கு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாரு. "இல்ல. கிருமி இல்ல"ன்னு பட்டுன்னு சொல்லிட்டாரு. அய்யாவு முதல்ல என்னையத்தான் திரும்பிப் பாத்தாரு. "கேட்டுச்சா மிஸ்ஸி? உங்களுக்கு ஒன்னும் இல்ல!" அப்புறம்தான் தனக்கும் இல்லன்னு உறைச்சிருக்கும், மூஞ்சியப் பொத்திக்கிட்டு குலுங்குனாரு. டாக்டர் என்கிட்ட, "உன் ரத்தத்த மட்டும் மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா பாப்பம். வழக்கத்துக்குத்தான். நீ போய் பிள்ளையத் தூக்கு"ன்னாரு. அரை நாள் லீவு குடுத்தாரு.

பஸ்ஸுக்கு நிக்கப் பொறுமையில்ல, டாக்சி புடிச்சேன். குளிச்சேன். பாப்பாவ மடியில போட்டு ரவிக்கையத் தொறந்தேன். வாய வச்சா. ரெண்டு இழு, மூணு இழு. நிமிந்து என்னையப் பாத்தா. திரும்பவும் இழுத்தா. ஒன்னும் வரல. வீல்னு ஒரு கத்து. மேசையப் பாத்து, புட்டியப் பாத்து, ரெண்டு கையையும் நீட்டுறா. என் மாருல முட்டித் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கம் தாவுறா. புண்ணியவதி, நான்தான பழக்குனேன்.

கதிர்வேலு அன்னிக்கு சீக்கிரம் வந்துட்டாரு. நான் மாரத் தொறந்துக்கிட்டு அழுறதப் பாத்து பதறிட்டாரு. "என்னடி? நீதான மாத்திரைன்னு சொன்ன? என்ன ஆச்சு சீதா, சொல்லு, என்கிட்ட சொல்லு." ரெண்டு வாரத்துக்கு மேல ஹால்ல படுத்த மனுஷன். கால்மாட்டுல உக்காந்து என் முழங்கால புடிச்சுக்கிட்டாரு. எனக்கு எல்லாமே ஒடஞ்சு போச்சு. ஊசி, அய்யாவு, வழவழன்னு கை, பூ, கிள்ளான், ரிசல்ட், எல்லாத்தையும் கொட்டுனேன். "ஒன்னும் இல்லங்க, இல்லன்னு வந்துருச்சு, டாக்டரே சொல்லிட்டாரு"ன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எப்ப என் முழங்காலேருந்து கைய எடுத்தாருன்னு நான் கவனிக்கல.

"உன் ரத்தத்த மறுபடி பாக்கணும்னு சொன்னாங்களா?"

"மூணு மாசம் கழிச்சு. சும்மா வழக்கத்துக்கு."

"அப்ப இன்னும் முடியல."

"முடிஞ்சிருச்சுங்க. அந்தாளுக்கே இல்ல, எனக்கு எப்படி வரும்?"

"சரி. சரி"ன்னாரு. குரல்ல கோவம் கொஞ்சமும் இல்ல. எந்திரிச்சு குனிஞ்சாரு. என் கை மேல படாம, சூடான சட்டியில கை வைக்கிற மாதிரி பாத்துப் பாத்து, பாப்பாவ என் மடியிலேருந்து தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. பாப்பா அழுகைய நிறுத்திட்டா.

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு சீதா"ன்னாரு. "மூணு மாசந்தான?"

நான் தள்ளி உக்காந்தேன்.